ஈஆர்பிநெக்ஸ்டில் பட்ஜெட் போட்டும் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

டேலியிலிருந்து ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன நிர்வாக மென்பொருளுக்கு மாறுகிற நிறுவனங்களில் முதல் ஆண்டு கட்டாயம் வரும் புகார் பட்ஜெட் பற்றியது. டேலியில் பட்ஜெட் என்பது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். போட்ட தொகையைத் தாண்டிச் செலவு வவுச்சர் அடித்தாலும் அது தடுக்காது, கடைசியில் வித்தியாசத்தைக் காட்டும், அவ்வளவே. ஈஆர்பிநெக்ஸ்ட் அப்படியில்லை. சொன்னால் என்ட்ரியையே நிறுத்திவிடும். அதனால்தான் "நிற்க வேண்டியது நிற்கவில்லை", "நிற்கக் கூடாதது நிற்கிறது" என்று இரண்டு பக்கமும் புகார் வருகிறது.

கீழே உள்ளதெல்லாம் 14, 15 ஆம் பதிப்புகளை வைத்து எழுதியது. 16 ஆம் பதிப்பில் பட்ஜெட் படிவத்தையே மாற்றி அமைத்திருக்கிறார்கள். அதில் இருப்பவர்களுக்குக் காரணங்கள் பெரும்பாலும் பொருந்தும், திரைகள் பொருந்தாது.

எதையும் மாற்றுவதற்கு முன்

பிரச்சினை வந்ததும் எல்லோரும் பட்ஜெட் படிவத்தைத்தான் திறக்கிறார்கள். நான் முதலில் திறப்பது பில்லை. பட்ஜெட் சோதனை ஒரு என்ட்ரியில் பார்ப்பது மூன்றே விஷயம்: அந்த வரியில் உள்ள செலவுக் கணக்கு, அதே வரியில் உள்ள காஸ்ட் சென்டர் (செலவு எந்தத் துறைக்கு என்று குறிக்கும் பிரிவு) அல்லது புராஜெக்ட், தேதி எந்த நிதியாண்டில் விழுகிறது என்பது. சப்ளையர் பெயர், பில்லின் மேல் பகுதியில் எழுதிய குறிப்பு, எந்தத் துறைக்காக வாங்கினோம் என்ற நம் மனக்கணக்கு, இவை எதுவும் அதற்குத் தெரியாது. மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தப் பட்ஜெட் அந்த பில்லைப் பொறுத்தவரை இல்லாதது மாதிரிதான்.

ஆகவே சந்தேகமான பில்லைத் திறந்து, ஐட்டம் வரியின் ஓரத்தில் உள்ள பென்சில் குறியை அழுத்தி, வரியை முழுதாக விரித்துப் பாருங்கள். எக்ஸ்பென்ஸ் ஹெட் (செலவுக் கணக்கு), காஸ்ட் சென்டர் இரண்டும் அங்கே கீழே ஒளிந்திருக்கும். பட்டியலில் தெரிகிற நான்கைந்து பத்திகளில் அவை தெரியாது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

அறிகுறி 1: பட்ஜெட் தாண்டிவிட்டது, ஆனால் பில் தடையே இல்லாமல் போகிறது

அதிகம் வருவது இதுதான். காரணங்களும் பல. நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

காஸ்ட் சென்டர் முதலில். நிறுவனத்தை உருவாக்கும்போதே மெயின் என்ற பெயரில் ஒரு காஸ்ட் சென்டர் தானாக வந்துவிடும், அதுவே நிறுவனத்தின் இயல்பு காஸ்ட் சென்டராகவும் அமைந்துவிடும். நீங்கள் மார்க்கெட்டிங் என்ற காஸ்ட் சென்டருக்குப் பட்ஜெட் போட்டிருப்பீர்கள். பில் போடுகிறவர் வரியை விரித்துப் பார்க்காமல் சேமித்திருப்பார். செலவு மெயினில் போய் உட்கார்ந்திருக்கும். மெயினுக்குப் பட்ஜெட் கிடையாது, எனவே எதுவும் நிற்காது.

உறுதி செய்ய ஜெனரல் லெட்ஜர் அறிக்கையைத் திறந்து, விளம்பரச் செலவுக் கணக்கை மட்டும் வடிகட்டி, காஸ்ட் சென்டர் பத்தியைப் பாருங்கள். மெயின், மெயின், மெயின் என்று வரிசையாக இருந்தால் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து, ஐட்டம் மாஸ்டரில் (பொருளின் அடிப்படை விவரப் பதிவு) உள்ள ஐட்டம் டிஃபால்ட்ஸ் அட்டவணை. அங்கே நிறுவனவாரியாக இயல்பு செலவுக் கணக்கையும் வாங்குதலுக்கான காஸ்ட் சென்டரையும் கொடுத்துவிடலாம். ஒரே வகைப் பொருட்கள் பல இருந்தால் ஐட்டம் குரூப்பிலேயே கொடுத்தால் வேலை மிச்சம். ஒரே பொருளைப் பல துறைகள் வாங்கும் என்றால் இது உதவாது. அப்போது ஆளைப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை. காஸ்ட் சென்டரைக் கட்டாயப் பத்தியாக்குவதால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது காலியாக இல்லை, தவறாக இருக்கிறது.

அடுத்து, பட்ஜெட் சப்மிட் (இறுதியாக உறுதி) ஆகியிருக்கிறதா? சேமித்துவிட்டு டிராஃப்டாக விட்ட பட்ஜெட்டுக்குப் பல் கிடையாது. சிரிப்பாக இருக்கும், ஆனால் நிறைய நடக்கிறது.

அப்புறம், தாண்டினால் என்ன செய்வது என்ற தேர்வு. ஸ்டாப் (நிறுத்து), வார்ன் (எச்சரி), இக்னோர் (கண்டுகொள்ளாதே) என மூன்று உண்டு. ஆண்டுத் தொகைக்கு ஒன்று, அந்த மாதம் வரை சேர்ந்த தொகைக்கு இன்னொன்று, இவையே மெட்டீரியல் ரெக்வெஸ்டுக்கும் (பொருள் வேண்டும் என்று கேட்கும் படிவம்) பர்ச்சேஸ் ஆர்டருக்கும் உண்மைச் செலவுக்கும் தனித்தனி. வார்ன் என்றிருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு செய்தி வந்து போகும். அவசரத்தில் பில் போடுகிறவர் அதை மூடிவிட்டு அடுத்த பில்லுக்குப் போய்விடுவார். "செய்தி ஒன்றுமே வரவில்லை" என்று அவர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, சோதனை நடப்பது சப்மிட் செய்யும்போதுதான். ஆர்டரைச் சேமித்துப் பார்த்துவிட்டு "போகுதே" என்று முடிவு கட்டக் கூடாது.

அறிகுறி 2: ஊழியருக்கு நிற்கிறது, முதலாளிக்குப் போகிறது (அல்லது சோதிக்கும்போது நிற்பதே இல்லை)

இது பிழையல்ல. கம்பெனி மாஸ்டரில் எக்ஸெப்ஷன் பட்ஜெட் அப்ரூவர் ரோல் என்று ஒரு பத்தி உண்டு. அதில் எந்த ரோலை (பயனருக்குத் தரும் அதிகாரப் பொறுப்பு) கொடுக்கிறோமோ, அந்த ரோல் உள்ளவருக்கு ஸ்டாப் எல்லாம் வார்ன் ஆகிவிடும். எச்சரிக்கை மட்டும் வரும், என்ட்ரி போய்விடும். அவசரச் செலவுக்கு ஒருவருக்காவது கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர் அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினில் சோதித்துப் பார்ப்பார். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எல்லா ரோலும் தானாகவே உண்டு. எனவே அந்தப் பத்தியில் ஒரு ரோல் கொடுத்திருந்தால், அந்த லாகினில் ஒருநாளும் நிற்காது. "அமைப்பு வேலை செய்யவில்லை" என்று அரை நாள் தேடுவார். பட்ஜெட்டைச் சோதிக்க எப்போதும் பில் போடும் ஊழியரின் லாகினையே பயன்படுத்துங்கள்.

அதேபோல அந்தப் பத்தியில் அக்கவுண்ட்ஸ் யூசர் மாதிரி எல்லோரிடமும் இருக்கிற ரோலைக் கொடுத்துவிட்டால் கட்டுப்பாடே போய்விடும். இதற்கென்றே ஒரு புது ரோல் உருவாக்கி, ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும் கொடுப்பது நல்லது.

அறிகுறி 3: ஆண்டுத் தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை, அதற்குள் தாண்டிவிட்டது என்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கணக்கு புரியாவிட்டால் எல்லோரும் செய்வது கண்ட்ரோலையே இக்னோருக்கு மாற்றுவதுதான்.

ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு ஆண்டுக்கு ₹6,00,000 பட்ஜெட் போட்டிருக்கிறது என்று வையுங்கள். மாதப் பங்கீடு எதுவும் கொடுக்கவில்லை. அப்போது மென்பொருள் அதைப் பன்னிரண்டாகச் சமமாகப் பிரித்துக்கொள்ளும், மாதம் ₹50,000. செப்டம்பர் முடிய செலவு ₹1,20,000. அக்டோபரில் தீபாவளிக்காக ₹2,50,000-க்கு விளம்பர பில் வருகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதம், சேர்ந்த பட்ஜெட் ₹3,50,000. செலவோ ₹3,70,000. ₹20,000 தாண்டிவிட்டது என்று செய்தி வரும். ஆண்டு முழுமைக்கும் பார்த்தால் இன்னும் ₹2,30,000 மிச்சம் இருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

செய்தியை ஒருமுறை வாசித்தாலே தெரிந்துவிடும். ஆண்டுப் பட்ஜெட் என்று தொடங்குகிறதா, சேர்ந்த மாதப் பட்ஜெட் என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் மந்த்லி டிஸ்ட்ரிபியூஷன் (மாதப் பங்கீடு) ஒன்றை உருவாக்கி, தீபாவளி மாதத்துக்கும் ஆடித் தள்ளுபடி மாதத்துக்கும் அதிக சதவீதம் கொடுத்து, அதைப் பட்ஜெட்டில் இணையுங்கள். தீபாவளி சில ஆண்டுகளில் அக்டோபரிலும் சில ஆண்டுகளில் நவம்பரிலும் வரும். ஆகவே போன வருடப் பங்கீட்டை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

பங்கீட்டின் கூட்டுத்தொகை 100 ஆக இருந்தே தீர வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கும் கையால் 8.33 அடித்தால் 99.96 தான் வரும், சேமிக்க விடாது. பதினோரு மாதத்துக்கு 8.33, ஒரு மாதத்துக்கு 8.37 என்று போட்டால் சரியாகிவிடும்.

மாதக் கட்டுப்பாடே வேண்டாம், ஆண்டுக் கட்டுப்பாடு போதும் என்றால் மாதத்துக்கு உள்ளதை மட்டும் இக்னோர் ஆக்கலாம். வாடகை, இன்டர்நெட் போன்ற சீரான செலவுக்கு மாதக் கட்டுப்பாடு பொருந்தும். விளம்பரம், இயந்திரப் பராமரிப்பு போன்றவற்றுக்கு ஆண்டுக் கட்டுப்பாடே போதும் என்பது என் கருத்து.

அறிகுறி 4: அறிக்கையில் பணம் மிச்சம் இருக்கிறது, ஆனால் பர்ச்சேஸ் ஆர்டர் நிற்கிறது

பட்ஜெட் வேரியன்ஸ் ரிப்போர்ட் காட்டுவது லெட்ஜரில் ஏறிய செலவை மட்டும். ஆர்டர் நிலையில் நடக்கும் சோதனையோ இன்னும் பில் வராத பழைய ஆர்டர்களையும் சேர்த்துக் கூட்டும். இரண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டியதும் இல்லை.

பழுதுபார்ப்புக்கு ₹3,00,000 பட்ஜெட். லெட்ஜரில் ₹1,80,000. புது ஆர்டர் ₹50,000. மிச்சம் ₹1,20,000 இருக்கும்போது ஏன் நிற்கிறது? ஜூனில் ஒரு லட்சத்துக்கு ஓர் ஆர்டர் போட்டிருப்பார்கள். ₹20,000-க்கு வேலை செய்து பில் கொடுத்துவிட்டு அந்த மெக்கானிக் வேறு ஊருக்குப் போயிருப்பார். மீதி ₹80,000 இனி வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், மென்பொருளைத் தவிர. 1,80,000 + 80,000 + 50,000 என்று கூட்டினால் ₹3,10,000. அதான் ₹10,000 தாண்டுகிறது என்கிறது.

சரி, என்ன செய்வது? பர்ச்சேஸ் ஆர்டர் பட்டியலில் பில் வராமல் தொங்கும் பழைய ஆர்டர்களை எடுத்து, ஸ்டேட்டஸ் பொத்தானில் குளோஸ் கொடுங்கள். மூடிய ஆர்டரைக் கணக்கில் சேர்க்காது. தொங்கும் மெட்டீரியல் ரெக்வெஸ்டுகளை அதே மாதிரி ஸ்டாப் செய்யுங்கள். 15 ஆம் பதிப்பில் இருப்பவர்களுக்குத் தேடல் குறைவு. உண்மைச் செலவு எவ்வளவு, ரெக்வெஸ்ட் எவ்வளவு, பில் வராத ஆர்டர் எவ்வளவு என்று செய்தியிலேயே பிரித்துக் காட்டும்.

மெட்டீரியல் ரெக்வெஸ்ட் பற்றி இன்னொன்று. அதன் தொகை, வரியில் உள்ள ரேட்டை வைத்துதான். பலர் அளவை மட்டும் எழுதி ரேட்டைக் காலியாக விடுவார்கள். அப்போது தொகை பூஜ்யம், பட்ஜெட்டுக்கு அது தெரியவே தெரியாது. ரெக்வெஸ்ட் நிலையிலேயே பிடிக்க நினைத்தால் உத்தேச ரேட்டாவது போட வேண்டும். வாங்குவதற்கான ரெக்வெஸ்டை மட்டுமே கணக்கில் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். குடோன் மாற்றத்துக்கான ரெக்வெஸ்ட் இதில் வராது.

அறிகுறி 5: ஆர்டர் போனது, அதே தொகைக்கான பில் நிற்கிறது

பெரும்பாலும் ஜிஎஸ்டி வரிதான் காரணம். ஆர்டர் சோதனை ஐட்டம் தொகையை மட்டும் பார்க்கும். பில்லில் லெட்ஜருக்குப் போகும் முழுச் செலவையும் பார்க்கும். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடிகிற பில் என்றால் வரி தனிக் கணக்கில் போய்விடும், பட்ஜெட்டைத் தொடாது. எடுக்க முடியாத பில் என்றால் வரியும் செலவோடு சேரும்.

ஊழியர் விழாவுக்குக் கேட்டரிங் ₹1,00,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவில் வருகிற செலவு இது, வரவு கிடையாது. 5 சதவீத வரியோடு ₹1,05,000 செலவாக ஏறும். பட்ஜெட்டைச் சரியாக ஒரு லட்சம் வைத்திருந்தால் ஆர்டர் போகும், பில் நிற்கும். இப்படிப்பட்ட தலைப்புகளுக்கு வரியையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

ஜிஎஸ்டி காரணமில்லை என்றால் ஆர்டரையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐட்டம் வரியில் கணக்கோ காஸ்ட் சென்டரோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பில் போடும்போது யாராவது மாற்றியிருப்பார்கள்.

அறிகுறி 6: வாங்கிக்கொண்டே இருக்கிறோம், பட்ஜெட் அறிக்கையின் ஆக்சுவல் (உண்மைச் செலவு) பத்தி மட்டும் அசையவே இல்லை

அந்தப் பொருளின் மாஸ்டரில் மெயின்டெயின் ஸ்டாக் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆகியிருந்தால், தொடர் இருப்புக் கணக்கு முறையில் வாங்கும்போது பற்று வைப்பது ஸ்டாக் கணக்கில். அது சொத்து. செலவாக மாறுவது பொருளை வெளியே எடுக்கும்போதுதான். பட்ஜெட் பார்ப்பது செலவுக் கணக்குகளை மட்டும்.

மூலப்பொருளுக்கு இது சரியான நடைமுறை, கைவைக்காதீர்கள். பிரச்சினை வருவது பிரிண்டர் டோனர், காகிதம், துடைப்பம், பினாயில் மாதிரியான சாமான்களில். இவற்றை யாரும் வெளியே எடுத்ததாக என்ட்ரி போடுவதில்லை. வருடக் கடைசியில் ஸ்டாக்கில் முந்நூறு டோனர் இருப்பதாகக் காட்டும், அலமாரியில் நான்கு இருக்கும். இவற்றை ஸ்டாக் இல்லாத ஐட்டமாக வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஸ்டாக் என்ட்ரி நடந்துவிட்ட ஐட்டத்தில் அந்த டிக்கை எடுக்க விடாது. புது ஐட்டம் உருவாக்கிப் பழையதை டிசேபிள் செய்ய வேண்டும். இருப்புக் கணக்கும் வேண்டும் என்பவர்கள், மெட்டீரியல் இஷ்யூ வகை ஸ்டாக் என்ட்ரி போட்டு, அதில் செலவுக் கணக்கையும் காஸ்ட் சென்டரையும் சரியாகக் கொடுக்க வேண்டும்.

அறிகுறி 7: மார்ச் வரை நன்றாக நின்றது, ஏப்ரலில் எதுவும் நிற்கவில்லை

புது நிதியாண்டுக்குப் பட்ஜெட் போடவில்லை. பட்ஜெட் தானாக அடுத்த ஆண்டுக்கு நகராது. பழையதைத் திறந்து டூப்ளிகேட் கொடுத்து, நிதியாண்டையும் தொகையையும் மாற்றி சப்மிட் செய்யுங்கள். மார்ச் கடைசி வாரத்திலேயே செய்துவிடுவது நல்லது.

ஏப்ரலில் வரும் இன்னொரு குழப்பம் தேதி. மார்ச் 28 தேதியிட்ட பில்லை ஏப்ரல் 4 அன்று போடுகிறோம். சப்ளையர் இன்வாய்ஸ் தேதியில் மார்ச் 28 எழுதிவிட்டோம். ஆனால் செலவு ஏறுவது போஸ்டிங் தேதிப்படி. எடிட் போஸ்டிங் டேட் டிக் செய்யாவிட்டால் அது ஏப்ரல் 4 ஆகவே இருக்கும். பழைய ஆண்டுச் செலவு புது ஆண்டுப் பட்ஜெட்டைத் தின்னும்.

அறிகுறி 8: பட்ஜெட்டையே சேமிக்க விடவில்லை

இதே கணக்குக்கும் காஸ்ட் சென்டருக்கும் ஏற்கனவே ஒரு பட்ஜெட் இருக்கிறது என்று சொன்னால், பட்டியலில் டிராஃப்டுகளையும் சேர்த்துத் தேடுங்கள். பாதியில் விட்ட டிராஃப்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை நீக்கினால் வழி விடும்.

குரூப் கணக்கு என்று சொன்னால், அதன் கீழுள்ள தனிக் கணக்குகளுக்குத்தான் போட வேண்டும். பயணச் செலவு என்ற குரூப்புக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்க முடியாது. ஆனால் காஸ்ட் சென்டர் பக்கம் இந்தத் தடை கிடையாது. கோயம்புத்தூர் என்ற தாய் காஸ்ட் சென்டருக்குப் பட்ஜெட் போட்டால், அதன் கீழுள்ள விற்பனை, சர்வீஸ், குடோன் எல்லாவற்றின் செலவும் அதில் கழியும். இதைத் தெரியாமல் தாய்க்கும் போட்டு, கிளைகளுக்கும் தனித்தனியாகப் போடுகிறவர்கள் உண்டு. அப்போது ஒரே பில்லை இரண்டு பட்ஜெட்டும் சோதிக்கும். எது நிறுத்தியது என்று செய்தியில் உள்ள காஸ்ட் சென்டர் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

மெட்டீரியல் ரெக்வெஸ்டுக்குப் பொருந்தும் என்று டிக் செய்தால், ஆர்டருக்கும் உண்மைச் செலவுக்கும் சேர்த்து டிக் செய்யச் சொல்லும். ஆர்டருக்கு மட்டும் செய்தால் உண்மைச் செலவையும் கேட்கும். கேட்டபடி செய்துவிடுங்கள், இதில் வாதாட ஒன்றுமில்லை.

அறிகுறி 9: நடுவில் தொகையைக் கூட்ட முடியவில்லை

சப்மிட் ஆன பட்ஜெட்டில் தொகையை நேரடியாக மாற்ற முடியாது. கேன்சல் செய்து, அமெண்ட் கொடுத்து, புதுத் தொகையோடு சப்மிட் செய்ய வேண்டும். பழையது பட்டியலில் கேன்சல் ஆனதாகவே இருக்கும். ஆடிட்டர் கேட்டால் எப்போது, யார், எவ்வளவு கூட்டினார்கள் என்று காட்ட அது உதவும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கேன்சலுக்கும் புது சப்மிட்டுக்கும் இடையில் அந்தத் தலைப்புக்குப் பட்ஜெட் கிடையாது. மதியம் கேன்சல் செய்துவிட்டு மறுநாள் சப்மிட் செய்தால் இடையில் வந்த பில்லெல்லாம் சோதனையில்லாமல் போயிருக்கும். பில் போடாத நேரமாகப் பார்த்து ஒரே மூச்சில் முடியுங்கள்.

அறிகுறி 10: சம்பளம் முழுவதும் ஒரே துறையில் ஏறுகிறது

ஊழியர் மாஸ்டரில் அல்லது சேலரி ஸ்ட்ரக்சர் அசைன்மென்டில் பேரோல் காஸ்ட் சென்டர் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து பிரிந்து ஏறும். ஏற்கனவே ஏறியதை ஒரு ஜர்னல் என்ட்ரியில் துறைவாரியாக மாற்றிக்கொள்ளலாம். அந்த ஜர்னல் என்ட்ரியையும் பட்ஜெட் சோதிக்கும் என்பதால், தொகை போதாத துறையில் நின்றுவிடக் கூடும்.

அறிகுறி 11: இயந்திரம் வாங்குவதற்குப் பட்ஜெட் போட முடியவில்லை

இந்தப் பதிப்புகளில் முடியாது. லாப நட்டக் கணக்குத் தலைப்பு அல்லாத எதையும் பட்ஜெட் படிவம் ஏற்காது, நிலையான சொத்து அதில் வராது. புராஜெக்டுக்குப் பட்ஜெட் போட்டாலும் அதே விதிதான். இதைச் சமாளிக்க இயந்திரச் செலவை ஒரு செலவுக் கணக்கில் ஏற்றிவிட்டுப் பிறகு சொத்துக்கு மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், தேய்மானக் கணக்கும் ஜிஎஸ்டியும் குழம்பும். அதற்குப் பதில் பர்ச்சேஸ் ஆர்டருக்கு ஒரு ஒர்க்ஃப்ளோ (ஒப்புதல் படிநிலை) அமைத்து, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் இயக்குநர் ஒப்புதல் இல்லாமல் சப்மிட் ஆகாதபடி செய்துவிடுங்கள். மொத்தத் தொகையைக் கண்காணிக்க ஒரு எக்செல் தாளே போதும், வருடத்துக்கு எத்தனை இயந்திரம் வாங்கப் போகிறோம்?